குறிப்பு: எதற்கென்று தெரியவில்லை

அரசாங்க அலுவலகத்தில் "தெரியாது" என்று சொல்ல எத்தனையோ வழிகள் உண்டு. "பரிசீலனையில் உள்ளது" என்பது ஒன்று. "உரிய அறிக்கை எதிர்நோக்கப்படுகிறது" இன்னொன்று. "முந்தைய கடிதத் தொடர்பினைக் காண்க" என்பது கொஞ்சம் உயர்ந்த ரகம். பார்ப்பவன் அரை நாள் தேடுவான், அதற்குள் நாம் மாற்றலாகிப் போய்விடலாம். துணை வட்டாட்சியராக ஓய்வு பெறும் வரை இவை எல்லாவற்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்றிரண்டு என் சொந்தக் கண்டுபிடிப்பு. தெரியாததற்குத் "தெரியவில்லை" என்றே எழுதிய ஒரே ஒரு ஆளைத்தான் என் சர்வீஸில் பார்த்தேன். அவர் ஒரு கிராம நிர்வாக அலுவலர். பெண்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அனுமதி கேட்க வழியில்லை. எந்த அலுவலகம், எந்தக் கிராமம் என்றும் சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்னும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், நான் உட்பட. கீழ்பென்னாத்தூர் போகும் பேருந்தில் இறங்கி உள்ளே இரண்டு மைல் நடக்க வேண்டிய ஊர் என்பது மட்டும் போதும்.

குள்ளமான உருவம். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு ரெக்சின் பை ஒன்றைத் தோளில் மாட்டியிருப்பார். அதில், எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் கணக்கோடு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் இருக்கும். அலுவலகத்துக்கு வர ஒரு செருப்பு, வயலில் இறங்க இன்னொன்று. மற்ற வி.ஏ.ஓ.க்களின் பைகளில் அந்த இரண்டாவது ஜோடியை நான் பார்த்ததில்லை. அவர்கள் வயலில் இறங்காமலே அடங்கல் எழுதப் பழகியவர்கள்.

மாவட்டம் பிரிந்து வந்த புதிது. அந்த வருடத்து ஜமாபந்தியில்தான் அவரை முதன்முதலாகக் கவனித்தேன். ஜமாபந்தி என்றால் வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கிராமக் கணக்குகளையும் மேலதிகாரி முன்னால் பரப்பி வைக்கும் சடங்கு. ஒவ்வொரு வி.ஏ.ஓ.வும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எண்ணைத் தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. எண் சரியாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

"உங்க ஊர்ல பனைமரம் எத்தனை?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாதுங்க ஐயா."

அதிகாரி கணக்கிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"தெரியாதுன்னா?"

"ஏரிக்கரை வரைக்கும் எண்ணினேங்க. நூத்தி நாலு. அப்புறம் மழை புடிச்சிக்கிச்சு. அந்தாண்ட நெறைய இருக்குது, அத எண்ணல."

"போன வருஷம் எவ்ளோ காட்டியிருக்கு?"

"முந்நூத்திப் பன்னெண்டுங்க. அத யாரு எண்ணினாங்கன்னு தெரியல."

முந்நூற்றுப் பன்னிரண்டு என்பது பழைய கர்ணம் காலத்திலிருந்து வந்துகொண்டிருந்த எண். இடையில் எத்தனையோ மரங்கள் விழுந்திருக்கும், எத்தனையோ முளைத்திருக்கும். எண் மட்டும் அசையவில்லை. அதிகாரி வயதில் சின்னவர், சிரித்துவிட்டார். எங்களுக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று.

வெளியே வந்ததும் சொன்னேன். "ஏம்மா, பனைமரத்த எவனாவது வந்து எண்ணப் போறானா?"

"யாரும் எண்ண மாட்டாங்கன்னுதான் சார் நான் எண்ணினேன்" என்றார். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பதில் சொல்லத் தெரியும்.

இந்தக் குணத்தை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. அந்த ஊரில் ஒரு கிழவருக்கு முதியோர் உதவித் தொகைக்கு வயதுச் சான்று வேண்டியிருந்தது. மற்றவர்களாயிருந்தால் ஆளைப் பார்த்து அறுபத்தெட்டு என்று போட்டு அனுப்பியிருப்பார்கள். இந்த அம்மா எழுதியது: "வயது தெரியவில்லை. பெரிய புயல் வந்த வருடம் தனக்கு மீசை அரும்பியிருந்ததாகச் சொல்கிறார். எந்தப் புயல் என்று கேட்டதற்குப் பெரிய புயல் என்கிறார்." நான் அதைத் திருப்பினேன். அவர் இன்னும் இரண்டு பேரை விசாரித்து இன்னொரு தாள் எழுதினார். அதையும் திருப்பினேன். கடைசியில் அரசு மருத்துவரிடம் கூட்டிப் போய், மருத்துவர் பல்லைப் பார்த்து எழுதிக் கொடுத்து முடிவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்த மூன்று மாதமும் கிழவர் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார். "அந்தம்மா நல்லவங்கதான். ஆனா கெட்டவனா இருந்திருந்தா எனக்கு இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்" என்று என்னிடமே சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பல பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

பௌர்ணமிக் கூட்டம் அப்போதுதான் பெருகத் தொடங்கியிருந்தது. வருவாய்த் துறை ஆட்களையும் கிரிவலப் பாதையில் பந்தோபஸ்துக்குப் போடுவார்கள். ஒரு பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் எங்களுக்குக் கொட்டகை. சாயங்காலம் ஐந்து மணி. குழந்தை காணாமல் போனால் எழுத ஒரு நோட்டு, அதற்கு நான். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ள அந்த அம்மா. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், காதி ஜிப்பா, வெறுங்கால், கொட்டகைக்கு வந்து ஆங்கிலத்தில் கேட்டார், எதற்காக இத்தனை பேர் மலையைச் சுற்றுகிறார்கள் என்று. நான் விடுவேனா? புராணக் காரணம், ஆன்மிகக் காரணம், மூலிகைக் காற்று என்று மூன்று தலைப்பில் கால் மணி நேரம் பேசினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அந்த அம்மாவைக் காட்டி, இவர் என்ன நினைக்கிறார் என்றார்.

மொழிபெயர்த்துக் கேட்டேன்.

"எதுக்குன்னு தெரியாது சார். எங்கம்மா சுத்தினாங்க, நானும் சுத்தறேன். சுத்தி முடிச்சா கால் வலிக்குது. நல்லாவும் இருக்குது."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் கண்ணை மூடினார். கையைக் கூப்பினார், அந்த அம்மாவைப் பார்த்து. பிறகு ஒரு சின்ன நோட்டை எடுத்து அதில் எழுதிக்கொண்டார். என் மூன்று காரணங்களில் ஒன்றுகூட நோட்டுக்குப் போகவில்லை. "தெரியாது" என்ற சொல்லுக்கு, ஆசிரமம் இருக்கும் செங்கம் ரோட்டில் அந்தக் காலத்திலேயே நல்ல மார்க்கெட்.

"பெரிய ஞானி ஆயிட்டீங்க" என்றேன் அவர் போன பிறகு.

"தெரியாதுன்னுதான சார் சொன்னேன். அதுல இன்னா இருக்குது?" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குக் குழாய் திறந்துவிடப் போய்விட்டார்.

இது சின்ன விஷயம். ஆனால் இதை எழுதியாக வேண்டும். இந்தச் சின்ன விஷயம் என்னோடு அலுவலகத்துக்கு வந்து என் மேசையிலேயே உட்கார்ந்துகொண்டது.

புதிய மாவட்டம் என்றால் புதிய கட்டடம், புதிய ரோடு. அதற்கெல்லாம் ஜல்லி வேண்டும். அவருடைய ஊரில் பாறைப் புறம்போக்கு ஒன்று இருந்தது. அதில் கல் உடைக்கக் குத்தகை கேட்டு மனு வந்தது. இதற்கான நடைமுறை எளிது. வி.ஏ.ஓ. புலத்தைப் பார்வையிட்டு, அச்சடித்த கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஏரி, வாய்க்கால் உண்டா? இல்லை. வீடு உண்டா? இல்லை. ஏழாவது கேள்வி: கோயில், இடுகாடு, சுடுகாடு, பழமையான சின்னம் ஏதும் உண்டா? ஆம், இல்லை என்ற இரண்டில் பொருந்தாததை அடித்துவிட வேண்டும்.

அவர் இரண்டையும் அடிக்கவில்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்: "வட்டமாகக் கற்கள் நாற்பத்தோரு இடங்களில் இருக்கின்றன. மனிதர் வைத்தவை. எதற்கென்று தெரியவில்லை. விவரம் இணைப்பில்."

இணைப்பு பதினோரு பக்கம். தலையாரியைக் கூட்டிக்கொண்டு, அந்த ரப்பர் செருப்போடு, அந்தப் பாறைக் கரட்டில் எத்தனை நாள் நடந்தாரோ. வட்டத்துக்கு ஒரு வரி. கல் எத்தனை, குறுக்கே எத்தனை தப்படி, உயரமான கல் இருந்தால் எந்தத் திசையில், கடைசியில் குறிப்பு. நான் அதில் மூன்று வரிகளை அலுவலகம் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

"எட்டாவது வட்டம். பதினாறு கற்கள். குறுக்கே பதினோரு தப்படி. வடக்கே ஒரு கல் சாய்ந்திருக்கிறது. தானாகச் சாய்ந்ததா, சாய்த்தார்களா என்று தெரியவில்லை."

சிரிப்பு.

"பத்தொன்பதாவது வட்டம். பதினான்கு கற்கள், ஐந்து இடம் காலி. குறுக்கே ஒன்பது தப்படி. நடுவில் வேப்பமரம். நிழல் நன்றாக இருக்கிறது."

"மேடம் கூழு கொண்டு போயிருக்காங்க" என்றார் ஒருவர்.

"முப்பத்துமூன்றாவது வட்டம். எண்ண முடியவில்லை. உள்ளே ஆடு ஈன்றுகொண்டிருந்தது. மறுநாள் போய் எண்ணினேன். இருபது."

தட்டச்சர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "குட்டி எத்தினின்னு எழுதலியா சார்? அதுவும் தெரியலியாமா?"

"ரெண்டு சார். ஒண்ணு கறுப்பு."

அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். முகத்தில் கோபம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான் அப்போது தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையைத் திருப்பி அனுப்பினேன். "தெரியவில்லை என்பது பதிலாகாது. ஆம் அல்லது இல்லை எனத் திட்டவட்டமாகக் குறிப்பிட்டு மறு அறிக்கை அனுப்புக." நல்ல வாசகம், இன்றும் அதில் ஒரு எழுத்தை மாற்றத் தோன்றவில்லை.

அவர் ஊர்க்காரர்களை விசாரிக்கக் கிளம்பினார். அதையும் நான்கு பக்கம் எழுதி அனுப்பினார், சொன்னவர் பெயரோடு, சொன்னபடியே. ஒருவர், பாண்டவர்கள் வனவாசத்தில் சோறாக்கிய அடுப்பு என்றார். இன்னொருவர், முன்காலத்துக் குள்ள மனுஷர்களின் வீடு என்றார். "நெருப்பு மழை பேயப் போவுதுன்னு தெரிஞ்சி கல்லுக்குள்ள பூந்துக்கினாங்க, அப்டியே போய்ட்டாங்க" என்றாள் ஒரு பெண். ஆடு மேய்ப்பவர், "அது எங்க தாத்தன் போட்ட ஆட்டுப்பட்டி" என்றிருக்கிறார். "அவர் போட்டதை நேரில் பார்த்தீரா என்று கேட்டேன். இல்லை என்றார்" என்று அதற்குக் கீழே குறிப்பு. கடைசியாக ஒரு கிழவி: "என்னக் கேக்கறியே, வச்சவன இல்ல கேக்கணும். வந்துட்டா பாரு பைய மாட்டிக்கினு."

இதையும் எழுதியிருந்தார். முடிவு: "மேற்படி காரணங்களில் எது சரி என்று தெரியவில்லை."

திருப்பினேன்.

மூன்றாவது முறை தாளை அனுப்பாமல் அவரே வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்தில் கூட்டமில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"சார், அந்தக் கல்லுங்க போயிடும் போல இருக்குது. வேட்டு வைக்கக் குழி போட எடம் பாத்துட்டுப் போறாங்க. இன்னா எழுதினா நிக்கும்?"

அதுவரை அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் இளகியது என்றுகூடச் சொல்லலாம். "இடுகாடுன்னு ஒரு வார்த்தை போடுங்க. ஏழாம் கேள்விக்கு ஆம். ஃபைல் அங்கியே நின்னுடும்" என்றேன்.

"எலும்பு எதுவும் பாக்கலியே சார்."

"யாருக்கும்மா தெரியும்? நீங்க போட்டா யாரு மறுக்கப் போறாங்க?"

"யாரும் மறுக்க மாட்டாங்க சார். அதான் போட முடியல."

"அப்ப இல்லன்னு போடுங்க."

"இல்லன்னும் தெரியாதே."

"ஆமும் இல்ல, இல்லையும் இல்ல. அப்ப உங்களுக்கு எதுக்கு சம்பளம்?"

"நாப்பத்தொண்ணு எண்ணினதுக்கு சார்" என்றார். பிறகு கொஞ்சம் குனிந்து, பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தெரியலன்னா இன்னா பண்ணணும்னு ஏதாச்சும் ரூல் இருக்குதா சார்? உங்களுக்குத் தெரியாத ரூல் கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

இருந்தது. எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு பத்தி. புலத்தில் பழைய சின்னம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், அதை அறிந்தவர்கள் வந்து பார்த்து ஐயம் தீர்க்கும் வரை நிலத்தை யாருக்கும் ஒப்படைக்கக் கூடாது. ஐயம்தான், உறுதி அல்ல. அவர் எழுதிய "தெரியவில்லை" என்ற ஒரு சொல்லே போதும். நான் அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பில் எழுதி ஒரு கையெழுத்துப் போட்டால் வட்டாட்சியர் மேலே எதுவும் கேட்டிருக்க மாட்டார். பத்தி எனக்கு மனப்பாடம். இப்போதும் சொல்வேன்.

எதிரில் அவர் காத்திருந்தார். எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது பத்தி எண் அல்ல; அடி அண்ணாமலைக் கொட்டகையும், அந்த வெள்ளைக்காரர் அவரைப் பார்த்துக் கைகூப்பியதும்தான்.

"அப்படி எதுவும் இல்லம்மா" என்றேன்.

நம்பினார். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு. தான் பார்க்காததை நம்பாதவர், நான் சொன்னதை நம்பிவிட்டார். "சரி சார். இன்னும் கொஞ்சம் விசாரிக்கறேன்" என்று எழுந்து போனார்.

அடுத்த வாரம் அவர் மகளுக்கு அம்மை போட்டது. பத்து நாள் விடுப்பு. பக்கத்துக் கிராம வி.ஏ.ஓ. பொறுப்பு. அவர் தேநீர் வரும் இடைவெளியில் என் மேசையிலேயே பேனாவை வாங்கி ஏழாவது கேள்வியில் "ஆம்" என்பதை அடித்து, "இல்லை" என்பதை மட்டும் விட்டுவிட்டுப் போனார். முன் அறிக்கைகள் இரண்டையும் "தெளிவற்றவை" என்று குறிப்பிட்டு, பின் அறிக்கையை "தெளிவானது" என்று குறிப்பிட்டு, கோப்பை மேலே வைத்தேன். மூன்று வரி. எந்தத் தணிக்கை வந்தாலும் நிற்கும். குத்தகைக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார், திருப்பி அனுப்பினேன். என் கை சுத்தம். ஒரு பைசா வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் செய்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு காலை நேரம். அவர் வந்து என் மேசைக் கண்ணாடி மேல் எதையோ வைத்தார். ஒரு பானை ஓடு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, தேய்த்த மாதிரி வழவழவென்று. கூடவே துருவேறிய சின்ன இரும்புத் துண்டு.

"இப்பத் தெரியுது சார்" என்றார். "கல்லுக்குக் கீழ மிஷின் வச்சித் தோண்டினாங்க. பானை பானையா வந்துச்சு. ஒண்ணுல எலும்பு மாதிரி இருந்துச்சு. தொட்டதும் மாவாப் போயிடுச்சு. ஆம்னு எழுதிக் கொண்டாந்திருக்கறேன்."

மடித்த தாளை நீட்டினார். புல எண், தேதி, கையெழுத்து. ஏழாவது கேள்விக்குப் பதில்: ஆம்.

"ஃபைல் முடிஞ்சி போச்சும்மா."

"தெரியும் சார். முடிஞ்சதுல சேத்து வைக்கலாம் இல்ல?"

"வைக்கலாம்."

"இது?" என்று ஓட்டைத் தொட்டார்.

"பொருளையெல்லாம் கோப்புல சேக்க முடியாது. எடுத்த எடத்துலயே வச்சிடுங்க."

"எடுத்த எடம் இல்ல சார் இப்ப" என்றார்.

அவர் ஓட்டை ஒரு துணியில் சுற்றினார். போகும்போது திரும்பி நின்றார். குற்றம் சாட்டுவதற்கு என்று நினைத்தேன். அப்படி இல்லை, அவருக்கு உண்மையாகவே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது.

"புதைச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடுச்சு. ஆனா எதுக்கு வட்டமா வச்சாங்கன்னு இன்னும் தெரியல சார்."

கோப்பை முடிக்கும்போது அது எத்தனை காலம் இருக்க வேண்டும் என்று முத்திரை போடுவோம். ஒரு வருடம், மூன்று வருடம், பத்து வருடம், நிரந்தரம். குத்தகைக் கோப்புக்குப் பத்து வருடம் என்பது வழக்கம். நிரந்தரம் என்று போட எனக்கு அதிகாரம் இருந்தது. வழக்கப்படி போட்டேன்.

அதற்கப்புறம் அவர் வேறு பிர்க்காவுக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது கிராமக் கணக்கு, நிலம் அளக்கும் சங்கிலி, நோட்டு, பாதி தேய்ந்த பென்சில் வரை பட்டியல் போட்டு ஒப்படைத்தாராம். கல்வட்டம் எண்ணிய நோட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. அடுத்து வந்தவர் அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டதாகக் கேள்வி.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து ஒரு கல்லூரி ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். நாற்பது வயதிருக்கும். இந்தப் பக்கத்துக் கல்வட்டங்களைப் பற்றி ஆராய்கிறாராம். அந்தக் கரட்டுக்குப் போயிருக்கிறார். பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, பையன்கள் நீந்துகிறார்கள். அங்கே முன்பு வட்டங்கள் இருந்தன என்று யாரோ சொல்ல, நிலக் கணக்கு தெரிந்தவன் என்று என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

காப்பி குடித்துக்கொண்டே அவரிடம் கேட்டேன், அதெல்லாம் எதற்காக வைத்தது என்று. இத்தனை வருடத்தில் அதைத் தெரிந்தவர் ஒருவரிடம் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இரும்புக் காலத்து ஈமச் சின்னம் சார். அது வரைக்கும் சரி. ஆனா வட்டம் எதுக்குன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மிருகம் தோண்டாம இருக்க ஒரு வேலின்னு சிலர். இது எங்க கூட்டத்து எடம்னு காட்டறதுக்குன்னு சிலர். சில வட்டத்துல எலும்பே கிடையாது, வெறும் பானைதான். எங்கியோ செத்தவனுக்கு இங்க நினைவா வச்சாங்களோ என்னமோ." அவர் சிரித்தார். "கட்டுரைல நாங்க எல்லாத்தையும் சொல்லிட்டு, உறுதியாத் தெரியவில்லைன்னுதான் சார் முடிப்போம். அதான் முறை."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கு என்ன விவரம் வேணும்?"

"வட்டத்துக்கு எத்தனை கல், குறுக்களவு, உயரமான கல் எந்தத் திசைல. இது மட்டும் யாராச்சும் எழுதி வச்சிருந்தா, எதுக்குன்னு யோசிக்க ஒரு பிடி கெடைக்கும் சார். யாரு எழுதி வைக்கப் போறாங்க?"

மறுநாளே பழைய அலுவலகத்துக்குப் போனேன். பதிவறைக்காரர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். நாற்காலி துடைத்துப் போட்டார். ரொம்ப நேரம் தேடவில்லை. அழிப்புப் பதிவேட்டைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். "பத்து வருஷம் முடிஞ்சி, முறைப்படி எரிச்சாச்சி சார். பாருங்க, வகைப்படுத்தினது நீங்கதான்."

அவரையாவது பார்க்கலாமே என்று விசாரித்தேன். விலாசம் கிடைக்கவில்லை, தொலைபேசி எண் கிடைத்தது. மகள் எடுத்தார். அம்மை போட்டிருந்த அந்தப் பெண்தான். இப்போது பள்ளிக்கூட ஆசிரியை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது என்றார். வீட்டில் அப்படி எந்தத் தாளும் இல்லை, ஆபீஸ் சாமான் எதையும் அம்மா வீட்டில் வைத்துக்கொண்டதில்லை என்றார். ஓடு? அதைப் பற்றித் தான் கேள்விப்பட்டதில்லை என்றார்.

நான் யாரென்று சொன்னேன்.

"உங்களப் பத்திச் சொல்லியிருக்காங்க சார்."

"என்ன சொல்வாங்க?"

"சரியா ஞாபகம் இல்ல சார். ஞாபகம் இல்லாததச் சொல்லக் கூடாது இல்ல."

கல்லூரி ஆசிரியர் அடுத்த வாரம் வந்தபோது கோப்பு இல்லை என்று சொன்னேன். மொத்தம் நாற்பத்தொன்று என்றேன். "நீங்க பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை. நான் அந்தக் கரட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. எண்ணியவர் ஒரு வி.ஏ.ஓ. அம்மா என்றேன். "ஆதாரம் இல்லாம எண்ணிக்கைய எழுத முடியாது சார், திருப்பிடுவாங்க" என்றார், வருத்தமாக. முறைதான். நானும் திருப்பியிருப்பேன்.

"ஒண்ணு ரெண்டு வட்டத்தோட விவரமாச்சும் ஞாபகம் இருக்குதா? வாய்மொழித் தகவல்னு போட்டுக்கறேன்."

இருந்தது. எட்டாவது, பத்தொன்பதாவது, முப்பத்துமூன்றாவது. கல் கணக்கு, தப்படிக் கணக்கு, சாய்ந்த கல், வேப்பமர நிழல், ஈன்ற ஆடு. ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அவர் வேகமாக எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பதினஞ்சு வருஷம் இருக்கும் இல்ல சார்? இந்த மூணு மட்டும் எப்படி சார் இவ்ளோ துல்லியமா?"

அவரிடம் காரணம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். மற்ற முப்பத்தெட்டை நான் உரக்கப் படிக்கவில்லை.

அவர் நோட்டை மூடப் போனார். "இன்னொண்ணு எழுதிக்குங்க" என்றேன். "முப்பத்துமூணாவது வட்டத்துல ரெண்டு குட்டி. ஒண்ணு கறுப்பு."

"இதுவும் அந்த அறிக்கைல இருந்துச்சா சார்?"

"இல்ல. அந்தம்மா வாசல்ல நின்னு சொன்னாங்க. இது நானே கேட்டது."

எழுதிக்கொண்டார்.